அம்மாவுக்குக் காது டெஸ்ட் எடுத்த கதை

அம்மா டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனதால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். ஓட்டோஸ்கோப்பால் உள்ளே பார்த்தவர், அழுக்கு இறுகியிருக்கிறது, கரைத்து எடுத்த பிறகுதான் டெஸ்ட் என்று சொட்டு மருந்து எழுதினார். பாட்டிலில் 'ஓட்டிக்' என்று பொடி எழுத்து. அம்மாவின் மருந்து டப்பாவில் கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு போடும் 'ஆப்தால்மிக்' சொட்டும் கிடக்கிறது. ஓட்டிக் காதுக்கு, ஆப்தால்மிக் கண்ணுக்கு. காதுக்கான மருந்தைக் கண்ணில் விடவே கூடாது என்பதால் பிளாஸ்திரியில் 'காது' என்று எழுதி ஒட்டிவைத்தேன்.

அழுக்கு எடுத்ததும் ஆடியோமெட்ரி, டிம்பனோமெட்ரி என்று இரண்டு எழுதினார். "ஒரே காதுக்கு எதுக்கு ரெண்டு தடவ காசு?" என்றார் அம்மா. நியாயமான கேள்விதான். பெயரிலேயே பதில் இருக்கிறது. 'ஓட்டோ' கிரேக்கம், காது என்ற உறுப்பு. 'ஆடியோ' லத்தீன், கேட்பது. 'டிம்பனம்' செவிப்பறை. ஒன்று எவ்வளவு கேட்கிறது என்று அளக்கிறது, மற்றது செவிப்பறை சரியாக அசைகிறதா என்று பார்க்கிறது.

டிம்பனோமெட்ரி சட்டென்று முடிந்தது. காதில் ஒரு முனையை வைத்துக் காற்றழுத்தத்தை மாற்றுகிறார்கள், அவ்வளவுதான். 'ஏ' டைப், செவிப்பறை நார்மல்.

ஆடியோமெட்ரிக்குத்தான் பொறுமை வேண்டும். சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டி, பீப் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். அம்மா உறுதியாகக் கேட்டால்தான் அழுத்துவேன் என்று உட்கார்ந்திருந்தார். "லேசா கேட்ட மாதிரி இருந்தாலும் அழுத்துங்கம்மா" என்று ஆடியோலஜிஸ்ட் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம் காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு அதிர்வுக் கருவியை வைத்து மறுபடியும் அதே பீப். இது வெளிக்காதையும் நடுக்காதையும் தாண்டி நேராக உள்காதுக்குப் போகும்.

ரிப்போர்ட்டில் இருந்த கிராஃபில் வலது காது சிவப்பு வட்டம், இடது நீலப் பெருக்கல் குறி. கோடு கீழே இறங்க இறங்கக் கேட்கும் திறன் குறைவு. அம்மாவுக்கு 2000 ஹெர்ட்ஸ் தாண்டியதும், அதாவது கீச்சென்ற உயர் ஒலிகளில், சரிவு. எலும்பு வழியாகவும் அதே சரிவு என்பதால் உள்காதுப் பிரச்சினை, 'சென்சரிநியூரல்'. எலும்பு வழியாக நன்றாகக் கேட்டிருந்தால் வெளிக்காதிலோ நடுக்காதிலோ தடை, 'கண்டக்டிவ்'. அது பல சமயம் மருந்திலோ ஆபரேஷனிலோ சரியாகும்.

'கேக்குது, ஆனா புரியல' என்று அம்மா சொன்னதன் காரணமும் அந்தச் சரிவுதான். ஸ, ச போன்ற ஒலிகள் உயர் அதிர்வெண்ணில் இருப்பதால் அவைதான் முதலில் நழுவுகின்றன.

இப்போது ட்ரயலுக்கு ஒரு காது மெஷின் வாங்கி வந்திருக்கிறோம். பேச்சு பரவாயில்லையாம், மிக்ஸி சத்தம்தான் தாங்க முடியவில்லையாம். அடுத்த வாரம் செட்டிங்கை மாற்றப் போக வேண்டும்.