மருத்துவமனையிலிருந்து வகுப்பறைக்குத் திரும்பும் வழி

திருச்சி மாவட்டத்தில் காவிரிக் கரையோரக் கிராமம் ஒன்றின் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். குழந்தைகளின் மனநலத்திற்காகப் பள்ளிகளும் பிற அமைப்புகளும் இணைந்து செயல்பட வேண்டும் என்று பயிற்சிக் கூட்டங்களில் அடிக்கடி பேசப்படுகிறது. ஆனால் பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் கண்டு மருத்துவமனைக்கு அனுப்புவதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. அனுப்பப்பட்ட குழந்தை மறுநாளோ மறுவாரமோ அதே வகுப்பறைக்குத்தான் திரும்பி வருகிறது. பெரும்பாலான முயற்சிகள் அறுந்துபோவது அந்தத் திரும்பும் வழியில்தான் என்பதை நெடுநாளாகக் கண்டுவருவதால், அதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

எங்கள் மாவட்டத்தில் அமைப்புகளுக்குக் குறைவில்லை. மத்திய அரசின் மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் தொடங்கிய ஆரம்பக் கட்டத்திலேயே இடம்பெற்ற மிகச் சில மாவட்டங்களுள் திருச்சியும் ஒன்று. அத்திட்டத்தின் குழுவில் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோர் இருக்க வேண்டும் என்பதும், பள்ளிகளில் வாழ்க்கைத் திறன் பயிற்சி அளிப்பது அதன் பணிகளுள் அடங்கும் என்பதும் விதிமுறைகளிலேயே உள்ளன. தொலைபேசி வழி மனநல ஆலோசனைக்கு 14416, பள்ளிக் கல்வி தொடர்பான உதவிக்கு 14417, ஆபத்தில் இருக்கும் குழந்தைகளுக்கு 1098 என எண்களும் உள்ளன. இவற்றுள் எதையும் நான் சிறிதாக எண்ணவில்லை. நள்ளிரவில் ஒரு பிள்ளை அழைத்துப் பேசுவதற்கு ஒரு குரல் இருப்பது பெரிய காரியம்.

2015-16-இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கணக்கிட்டது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் சராசரியாக மூன்று பேர் என்று இதைக் கொள்ளலாம். அந்த மூவரும் பெரும்பாலும் சத்தம் போடும் பிள்ளைகளாக இருப்பதில்லை. கையெழுத்து திடீரெனச் சிதைவது, சத்துணவுத் தட்டில் சோறு அப்படியே மிஞ்சுவது, விளையாட்டுப் பாடவேளையிலும் மரத்தடியிலேயே உட்கார்ந்திருப்பது போன்ற சிறு மாற்றங்கள் வழியாகவே அவர்களுடைய துன்பம் வெளியே தெரிகிறது. இம்மாற்றங்களை மருத்துவரால் காண முடியாது. தினமும் பார்க்கும் வகுப்பாசிரியரால்தான் முடியும். அதேபோல் அவை நோயின் அறிகுறிகளா இல்லையா என்று முடிவுசெய்வது ஆசிரியரின் வேலையாகாது. இருவரில் ஒருவரிடம் மட்டும் குழந்தையை விட்டுவிட இயலாது என்பதற்கு இதுவே காரணம்.

எங்கள் பகுதியில் ஒன்பதாம் வகுப்பு படித்த ஒரு மாணவிக்கு நேர்ந்ததை, அவளை யாரும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். பல வாரங்களாக யாருடனும் பேசாமலும் சரியாக உண்ணாமலும் இருந்த அவளை, பள்ளியார் பெற்றோரின் இசைவோடு மனநலப் பிரிவுக்கு அனுப்பிவைத்தார்கள். மருத்துவர் பொறுமையாகக் கேட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். இத்தகைய மாத்திரைகளுள் சில, தொடக்க நாட்களில் காலைவேளைகளில் தூக்கக் கலக்கத்தைத் தரக்கூடியவை. இதைத் தாயிடம் சொல்லியிருந்தார்கள், ஆனால் பள்ளிக்குச் சொல்வதற்கு எந்த வழியும் இருக்கவில்லை. இரண்டாம் பாடவேளையில் மேசையில் தலைசாய்த்த அவளை, ஒன்றும் அறியாத ஆசிரியர் எழுப்பி நிற்க வைத்தார். மாத்திரை சாப்பிடுவதால்தான் தூங்குகிறாள் என்று பக்கத்தில் இருந்த ஒருத்தி சொல்ல, அன்று மாலைக்குள் வகுப்பு முழுவதும் அதையே பேசியது. அவள் மாத்திரையை நிறுத்தினாள், அடுத்து மருத்துவமனைக்குச் செல்லவும் மறுத்தாள், பிறகு பள்ளிக்கு வருவதையும் விட்டாள். மருத்துவமனைப் பதிவேட்டில் மறுவருகைக்கு வராதவள் என்றும், பள்ளிப் பதிவேட்டில் தொடர்ந்து வராதவள் என்றும் அவள் பெயர் இருந்தது. இரண்டு பதிவேடுகளையும் ஒருசேரப் பார்க்கும் பொறுப்பு எவருக்கும் அளிக்கப்பட்டிருக்கவில்லை.

பள்ளிக்கு அவளுடைய நோயின் பெயர் தேவைப்படவில்லை என்பதை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். நோயாளியின் விவரங்கள் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஓர் உரிமையாகவே வகுத்திருக்கிறது, அது அப்படியே நிற்க வேண்டும். ஆசிரியர் அறையில் ஒரு குழந்தையின் நோய்ப்பெயர் உலவத் தொடங்கினால், அது அவள் தேறிய பின்னும் அவளை விடாது. பள்ளிக்குத் தேவைப்படுவது சில நடைமுறைக் குறிப்புகள் மட்டுமே: காலையில் சோர்வாக இருப்பாள், கடிந்துகொள்ள வேண்டாம், சில வாரங்களுக்குத் தேர்வு எழுதச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், இன்ன தேதியில் மறுபடியும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், தனியாக விடக்கூடாத அளவுக்கு மனம் உடைந்திருப்பதாகத் தோன்றினால் உடனே இன்னாரை அழைக்க வேண்டும். பெற்றோரிடமும் குழந்தையிடமும் கேட்டு, அவர்கள் சம்மதிக்கும் அளவுக்கு மட்டும் எழுதப்படும் அரைப் பக்கத் தாள் இதற்குப் போதும்.

ரகசியத்திற்கு ஓர் எல்லையும் உண்டு. குழந்தை மீது பாலியல் வன்முறை நடந்திருப்பதை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கூறுகிறது. எனவே ‘நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்ற உறுதியை ஆசிரியரோ ஆலோசகரோ குழந்தைக்குத் தரக்கூடாது.

பெற்றோரைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. மறுவருகைக்கு வராத தாய்தந்தையரை அக்கறையற்றவர்கள் என்று சொல்வதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வாழைத்தோட்டத்தில் நாள் கூலிக்குப் போகும் ஒரு தாய் பெரிய மருத்துவமனைக்குச் செல்வதென்றால், விடியற்காலையில் பேருந்து ஏறி, சீட்டு வாங்கி வரிசையில் காத்திருந்து, மாலையில்தான் வீடு திரும்ப முடிகிறது, அன்றைய கூலி அத்தோடு போய்விடுகிறது. இதை மாதந்தோறும் தாங்குவது எளிதன்று. அதோடு, எங்கள் பக்கத்தில் மனம் நலிந்தவர்களைக் குணசீலம் பெருமாள் கோயிலுக்கு அழைத்துச் சென்று 48 நாட்கள் தங்க வைப்பது தலைமுறைகளாக வரும் வழக்கம். அந்த நம்பிக்கையைப் பழித்துப் பேசும் ஆலோசகரிடம் எந்தத் தாயும் இரண்டாம் முறை வாய் திறக்க மாட்டார். கோயிலுக்கும் போய்வாருங்கள், மாத்திரையையும் நிறுத்தாதீர்கள் என்று சொல்பவரைத்தான் குடும்பங்கள் நம்புகின்றன.

அந்த மாணவியின் வீட்டுக் கதவை மறுபடியும் தட்டியவர் கிராம சுகாதார செவிலியர். அவளுடைய அண்ணியின் பேறுகாலப் பரிசோதனைக்காக அந்த வீட்டிற்கு அவர் ஏற்கெனவே போய்வந்துகொண்டிருந்ததால், அவருடைய வருகை தெருவில் யாருக்கும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. ‘பாப்பா ஏன் பள்ளிக்கூடம் போகலை அக்கா?’ என்று சாதாரணமாகக் கேட்டுத் தொடங்கிய பேச்சுதான் அவளை மீண்டும் மருத்துவரிடம் கொண்டுசேர்த்தது. எந்த அரசாணையும் இதை அவருடைய வேலையாகச் சொல்லவில்லை. வீட்டுக்குள் இயல்பாக நுழையக்கூடியவர் யார் என்று தேடிப் பார்த்து, அவர் வழியாகச் செயல்படுவதே கூட்டுச் செயல்பாட்டின் உயிர் என்று நான் கருதுகிறேன். ஆண்டுக்கு ஒருமுறை வந்து, இறைவணக்கக் கூட்டத்தில் விழிப்புணர்வு உரை நிகழ்த்தி, புகைப்படம் எடுத்துச் செல்லும் அமைப்புகள், அந்த நேரத்தைப் பள்ளியில் எவரேனும் ஒரு வகுப்பாசிரியரோடு தொடர்ந்து பேசுவதற்குச் செலவிட்டால் பயன் பல மடங்காகும்.

துறைகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் தோல்வியுற்ற மாணவர்களின் விவரங்கள் சுகாதாரத் துறைக்குக் கிடைத்து, அத்துறையின் 104 தொலைபேசி உதவிச் சேவையிலிருந்து அவர்களை அழைத்து ஆலோசனை வழங்கும் முறை அண்மை ஆண்டுகளில் ஏற்பட்டுள்ளது. சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதலாம் என்ற ஏற்பாடும் அதனுடன் சேர்வதால், அழைப்பவர் வெறும் ஆறுதலோடு நிறுத்தாமல் அடுத்து என்ன செய்யலாம் என்பதையும் சொல்ல முடிகிறது. தேர்வு முடிவு நாளுக்குச் செய்ய முடிந்ததை, சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமைக்கும் செய்ய முடியும் என்றே நம்புகிறேன்.

இதற்குப் புதிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி நான்கில் மூன்று பங்கு பெற்றோரைக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழு ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் இருக்கிறது. அந்தக் குழு ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக நியமிக்கட்டும், மாவட்ட மனநலக் குழு எங்கள் வட்டாரத்திற்கென ஒரு சமூகப் பணியாளரைக் குறிப்பிடட்டும், இருவரும் ஒருவர் எண்ணை மற்றவர் வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை பள்ளியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சந்திக்கட்டும். அப்படிச் சந்தித்தால் மறுவருகைகளில் சிலவற்றையேனும் ஊருக்குள்ளேயே முடிக்கலாம், தாயின் ஒரு நாள் கூலியும் மிஞ்சும். எங்கள் குழுவின் அடுத்த கூட்டத்திற்கு இதை எழுத்து மூலமாகக் கொடுத்திருக்கிறேன், அரைப் பக்கத் தாளின் மாதிரியையும் அதனுடன் இணைத்திருக்கிறேன்.