சொரியாசிஸும் குடலும்: 12 வாரத்தைக் கடக்கும் முறை

தோலில் செதில் உதிரும் சிவந்த திட்டுகள் வரும் சொரியாசிஸைச் சாப்பாட்டின் வழியாகக் கட்டுப்படுத்த இறங்குகிறவர்கள் பாதியில் விட்டுவிடுவது மனவுறுதி இல்லாததால் அல்ல. கோதுமை, பால், சர்க்கரை, தக்காளி என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டு, கூடவே நாலு சத்து மாத்திரைகளையும் தொடங்கிவிடுகிறார்கள். மூன்றாம் வாரம் முழங்கைத் திட்டு தணிந்தால் எதனால் தணிந்தது, சிவந்தால் எதனால் சிவந்தது என்று சொல்ல வழியில்லை. ஆகவே இந்த 12 வார முயற்சியில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். நடந்துகொண்டிருக்கும் மருந்தில் கை வைக்கவே கூடாது. ஸ்டீராய்டு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் சீழ்க்கொப்புளங்களாக வெடித்துக் காய்ச்சலோடு மருத்துவமனையில் படுக்க நேரலாம்.

முதல் வேலை அளவெடுப்பது. விரல்களையும் சேர்த்து உங்கள் உள்ளங்கையின் பரப்பு, உடல் பரப்பில் ஏறக்குறைய 1 சதவீதம். திட்டுகள் எத்தனை கை அளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரே ஒரு திட்டைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒரு நாள், அதே ஜன்னல் வெளிச்சத்தில், களிம்பு தடவுவதற்கு முன்னால் படமெடுங்கள். சிவப்பு, தடிப்பு, செதில் மூன்றுக்கும் தனித்தனியே 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுங்கள். அதே நோட்டில் மலம் கழித்த முறை, வயிற்று உப்புசம், தூக்கம், தொண்டை வலி ஆகியவையும் இருக்கட்டும்.

இரண்டாவது, ரத்தப் பரிசோதனை. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சொரியாசிஸ் உள்ளவர்களுக்குச் சீலியாக் நோய் (கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் கெடும் நோய்) மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. அதைக் கண்டுபிடிக்க டிடிஜி ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் சோதனையும், கூடவே மொத்த ஐஜிஏ அளவும் பார்க்க வேண்டும். ஆனால் குளூட்டனை நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தாலும் முடிவு ‘இல்லை’ என்று வரக்கூடும். சோதனைக்கு முன் குறைந்தது 6 வாரம் தினமும் கோதுமை சாப்பிட்டிருக்க வேண்டும். சோதனையில் எதிர்ப்பொருள் இருப்பது தெரிந்தால் குளூட்டன் இல்லாத உணவை மூன்று மாதம் முயன்று பார்க்கலாம். இல்லையென்றால் கோதுமையை ஒதுக்குவதால் தோலுக்குப் பெரிய லாபம் கிடைக்காது. வீண் பத்தியம்தான் மிஞ்சும்.

இனி நார்ச்சத்து. குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் நாரைப் புளிக்கவைத்துப் பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. அவை பெருங்குடலின் உட்சுவருக்கு உணவு. நோயெதிர்ப்புச் செல்களை அடக்கிவைக்கும் வேலையிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. சொரியாசிஸில் எல்லை மீறும் ஐஎல்-23, ஐஎல்-17 என்ற சமிக்ஞைப் புரதங்கள் குடல் சுவரிலும் இயங்குகின்றன. இலக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம். வேகவைத்த பயறு 100 கிராமில் சுமார் 8 கிராம் நார் கிடைக்கும். தோலோடு ஒரு ஆப்பிளில் 4 கிராம். 40 கிராம் ஓட்ஸில் 4 கிராம். வாரத்துக்கு 5 கிராம்தான் கூட்ட வேண்டும். ஒரே நாளில் இரட்டிப்பாக்கினால் வயிறு பானை மாதிரி உப்பும். தண்ணீரும் குறைந்தால் மலம் இறுகும். உப்பினால் முந்தைய வார அளவுக்கு இறங்கி, பயறை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாகக் குழைய வேகவையுங்கள்.

நான்காம் வாரத்துக்குப் பிறகு தயிர், தினமும் ஒரு கிண்ணம், சர்க்கரை சேர்க்காமல். நல்ல பாக்டீரியாக்கள் அடங்கிய புரோபயாடிக் மாத்திரை வாங்கினால் 8 வாரம் பாருங்கள், மாற்றமில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடங்கக் கூடாது.

உடல் எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு எதைவிடவும் வலுவான சான்று எடைக் குறைப்புக்குத்தான் இருக்கிறது. 5 முதல் 10 சதவீதம் இறங்கினாலே திட்டுகள் தணிவதும், மருந்து நன்றாக வேலை செய்வதும் உண்டு. மதுவை விட்டுவிடுங்கள், மெத்தோட்ரெக்ஸேட் என்ற சொரியாசிஸ் மருந்தை எடுப்பவர்களுக்கு அது கல்லீரலையும் கெடுக்கும். புகைப்பதையும் விட்டுவிடுங்கள்.

தோல் மோசமாகும்போது ‘உள்ளே இருக்கிற கழிவு வெளியே வருகிறது, பொறுத்துக்கொள்’ என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். மோசமானால் அது மோசமானதுதான். குடலைச் சுத்தம் செய்ய என்று அடிக்கடி பேதி மருந்து எடுத்தால் உடலில் நீரும் பொட்டாசியமும் குறையும், திட்டு அப்படியே இருக்கும். பெயரில்லாத ‘இயற்கைப்’ பொடியோ களிம்போ நாலே நாளில் பளிச்சென்று ஆக்கினால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

குணமாவது கண்ணுக்கு எப்படித் தெரியும்? முதலில் செதில் குறையும். கறுப்புச் சட்டையில் வெள்ளைத் துகள் உதிர்வது நிற்கும். அடுத்து விரலால் தடவினால் விளிம்பின் மேடு தட்டுப்படாது. பல திட்டுகள் நடுவில் தெளிந்து வளையம்போல மிஞ்சும். சிவப்பு கடைசியில்தான் போகும், அதன் பின்னும் வெளிறிய அல்லது கருத்த தடம் மாதக்கணக்கில் இருக்கலாம். அந்தத் தடம் நோயல்ல. அதைப் பார்த்து மனம் விட்டுவிடாதீர்கள். இடையில் தொண்டை அழற்சி வந்தாலும், ஒரு சிராய்ப்புப் பட்டாலும் புதுத் திட்டு வரலாம். உடனே நேற்றைய சாப்பாட்டைக் குற்றம் சொல்ல வேண்டாம், நோட்டைப் புரட்டுங்கள்.

காலையில் விரல் மூட்டுகள் அரைமணிக்கு மேல் இறுகி இருந்தாலோ, ஒரு விரல் முழுதும் வீங்கினாலோ 12 வாரம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அது மூட்டைத் தாக்கும் சொரியாசிஸாக இருக்கலாம், தாமதித்தால் மூட்டு சிதையும். மலத்தில் ரத்தம், விடாத வயிற்றுப்போக்கு, காரணமின்றி எடை இறங்குவது ஆகியவை வந்தாலும் காத்திருக்காதீர்கள். தோல் மருத்துவரிடம் போகும்போது நோட்டில் வயிற்றைப் பற்றி எழுதிய பக்கத்தை முதலில் காட்டுங்கள். செகுகினுமாப் போல ஐஎல்-17-ஐத் தடுக்கும் ஊசிகள் குரோன் நோய் போன்ற குடல் அழற்சியைக் கிளறிவிடக்கூடும் என்பதால், எந்த ஊசி என்று அவர் முடிவெடுக்க அந்தப் பக்கம் தேவைப்படும்.