ஒரு ரோ எதைக் குறிக்கிறது?

டேட்டா வேர்ஹவுஸ் (அலசிப் பார்ப்பதற்காகத் தரவுகளைச் சேர்த்து வைக்கும் கிடங்கு) வேலைக்குப் போன முதல் நேர்காணலில், அதில் டேபிள்களை அமைக்கும் முறைகளான ஸ்டார் ஸ்கீமா, ஸ்னோஃப்ளேக் ஸ்கீமா எல்லாம் கடகடவென்று சொல்லிவிட்டேன். பலசரக்குக் கடை விற்பனைக்கு டேபிள் வரையச் சொன்னார்கள், வரைந்தேன். "இந்த ஃபேக்ட் டேபிளில் ஒரு ரோ எதைக் குறிக்கிறது?" என்றார்கள். வார்த்தையே வரவில்லை. (ரோ என்பது டேபிளில் ஒரு வரி; ஃபேக்ட் டேபிள் என்பது விற்பனை எண்களை வைக்கும் டேபிள்.)

அப்போது பெங்களூரு அல்சூரில் அறை. கீழே திருநெல்வேலி அண்ணாச்சி கடை. அன்றிரவு அவர் எழுதித் தந்த பில்லை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். அரிசி 5 கிலோ, துவரம்பருப்பு 1 கிலோ, நல்லெண்ணெய் அரை லிட்டர், வீட்டில் கொண்டுவந்து தர 30 ரூபாய்.

பில்லுக்கு ஒரு ரோ என்று வைத்தால், பருப்பு எவ்வளவு விற்றது என்று கேட்க வழியில்லை. பொருளுக்கு ஒன்று என்றால் மூன்று ரோ. சரி, அந்த 30 ரூபாய்? மூன்றிலும் எழுதினால் கூட்டும்போது 90 ஆகிவிடும். பத்துப் பத்தாகப் பிரித்துப் போடலாம், இல்லையென்றால் பில் அளவில் தனி ஃபேக்ட் டேபிள் வைக்கலாம். ஒரு ரோ எதைக் குறிக்கிறது என்ற இந்த முடிவுதான் கிரெயின். இதை முடிவு செய்யாமல் டேபிளில் ஒரு நெடுவரிசைகூட (column) எழுதாதீர்கள்.

கிரெயின் தெரிந்தால் டைமென்ஷன்கள், அதாவது விற்பனையை எந்தெந்தக் கோணத்தில் பார்க்கலாம் என்பவை, தானாக வரும்: எந்தத் தேதி, என்ன பொருள், யார் வாங்கினார். அளவும் தொகையும் ஃபேக்ட். ஆனால் கையிருப்பில் கவனம் வேண்டும். திங்களன்று 40 கிலோ அரிசி, செவ்வாயன்று 35 என்றால், கடையில் 75 கிலோ இருப்பதாக ஆகாது. கடைகளுக்கு இடையே கூட்டலாம், நாட்களுக்கு இடையே கூடாது.

அடுத்து, வாடிக்கையாளர் அல்சூரிலிருந்து வைட்ஃபீல்டுக்குக் குடிபோனால்? இந்த மாற்றத்தைப் பதிய டைப் 1, டைப் 2 என்று வழிகள் உண்டு. டைப் 1 பழைய முகவரியை அழித்து எழுதும். அவருடைய பழைய விற்பனையும் வைட்ஃபீல்டு கணக்கில் போய்விடும். டைப் 2 புது ரோ போட்டு, தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் வைக்கும். ஒரே ஆளுக்கு இரண்டு ரோ வந்துவிடுவதால் அவருடைய வாடிக்கையாளர் எண் மட்டும் போதாது. சரோகேட் கீ, அதாவது வேர்ஹவுஸே ஒவ்வொரு ரோவுக்கும் தரும் தனி எண், தேவைப்படுவது இதற்காகவும்தான். எனக்கு இது புரிய இரண்டு நாள் ஆனது.

அடுத்த நேர்காணலில் பஸ் டிக்கெட் விற்பனையைக் கொடுத்தார்கள். முதலில் "ஒரு ரோ = ஒரு டிக்கெட்" என்று எழுதினேன். பிறகு கேட்டேன்: "கண்டக்டர் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் கொடுத்தால், அது ஒரு ரோவா, இரண்டா?" எதிரில் இருந்தவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.