துரைமார் துப்பாக்கிப் படை

அமெரிக்க மாநிலங்களின் தேசியக் காவல் படையினருக்கு மாதத்தில் ஒரு வார இறுதி, வருடத்தில் இரண்டு கிழமை பயிற்சி. மற்ற நாட்களில் சொந்தத் தொழில். வெள்ளம், கலவரம் என்றால் மாநில ஆளுநர் கூப்பிடுவார், போர் என்றால் ஜனாதிபதி. வேர் 1636இல், மசாசூசெட்ஸில்.

இதற்குக் கொஞ்சம் ஒத்த படையொன்று நம் மலையகத்திலும் இருந்தது. 1900இல் கண்டியைத் தலைமையகமாகக் கொண்டு உருவான சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர். உறுப்பினர் எல்லாரும் ஐரோப்பியர், பெரும்பாலும் தோட்டங்களை நடத்திய பெரியதுரைமாரும் சின்னதுரைமாரும்தான். காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுத்த துரை, இங்கே தானே வரிசையில் நின்று பெயர் கொடுக்க வேண்டும்! லயத்துத் தொழிலாளருக்கு அதில் இடமே இல்லை.

முதலாம் உலகப் போர் தொடங்கி, 1914 ஒக்டோபரில் 8 அதிகாரிகளும் 229 வீரர்களும் எகிப்துக்குக் கப்பலேறினார்கள். முதலில் சூயஸ் கால்வாய்க் காவல், பிறகு துருக்கியின் கலிப்போலி போர்முனை. அங்கே அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளின் தளபதி ஜெனரல் பேர்ட்வுட்டுக்கு மெய்க்காவல் நிற்கும் வேலையும் இவர்களுக்குக் கிடைத்தது. சிக்கல் வேறு பக்கம்: படித்த, ஆள்கட்டி மேய்த்துப் பழகிய இவர்களை மற்ற ரெஜிமென்டுகள் அதிகாரிகளாக இழுத்துக்கொண்டதில் படை கரைந்துபோனது. நல்ல ஆட்களைச் சாதாரண சிப்பாயாகச் சேர்த்தால் இதுதான் நடக்கும்.

1949இல் இலங்கை இராணுவம் அமைந்தபோது இந்தப் படை கலைக்கப்பட்டது. இராணுவத்தில் தொண்டர் படை இன்றும் உண்டு, ஆனால் மாகாண ஆளுநர் கையில் படை ஏதும் இல்லை. 2014இல் மீரியபெத்தை மண்சரிவில் மண்ணைத் தோண்டிய இராணுவத்தினரும் மத்திய அரசின் ஆட்கள்தான்.