தறியிலிருந்து தொடங்கினால் தொழிற்புரட்சி புரியும்

குடிமைப்பணி மெயின்ஸ் தேர்வைத் தமிழில் எழுதப்போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ஜி.எஸ். (பொதுப்பாடம்) முதல் தாளில் உலக வரலாறு 18ஆம் நூற்றாண்டிலிருந்து வருகிறது. தொழிற்புரட்சியைப் பாடத்திட்டத்திலேயே பெயர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சின்னப் பகுதிதானே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் தள்ளி வைத்திருந்தேன்.

ஒரு பயிற்சித் தேர்வில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏற்பட்ட அறிவியல், தொழில்நுட்ப வளர்ச்சியைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். 15 மதிப்பெண், 250 சொற்கள். 1769 வாட், 1781 யுரேனஸ், 1783 பலூன், 1796 அம்மைத் தடுப்பூசி என்று எழுதித் தள்ளினேன். ஓர் ஆண்டுகூடத் தப்பில்லை. கிடைத்தது 4 மதிப்பெண். திருத்தியவர் ஓரத்தில் மூன்று இடங்களில் "ஏன்?" என்று மட்டும் எழுதியிருந்தார். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் பாடத்தை மறுபடி படித்தேன்.

எங்கள் வீட்டில் கைத்தறி இருந்ததால் துணியிலிருந்து தொடங்குவது எனக்குச் சுலபமாக இருந்தது. உங்களுக்குத் தறி பழக்கமில்லை என்றால் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். நீளவாக்கில் இழுத்துக் கட்டுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. பாவு நூல் இழுவையைத் தாங்க வேண்டும், ஊடைக்கு அவ்வளவு வலு தேவையில்லை. இது தெரிந்தால் இங்கிலாந்தின் நூற்புக் கருவிகள் ஏன் அந்த வரிசையில் வந்தன என்பது தானாகப் புரியும்.

1733இல் ஜான் கே பறக்கும் நாடாவை, அதாவது ஊடை நூலைப் பாவுக்குள் வேகமாகக் குறுக்கே ஓட்டும் கருவியை, கொண்டுவந்தார். நெசவு வேகமானது, நூல் போதவில்லை. ஒரு நெசவாளருக்கு நூல் கொடுக்க நான்கைந்து பேர் நூற்க வேண்டியிருந்தது. அந்த முட்டுக்கட்டையை உடைக்க வந்ததுதான் 1764 வாக்கில் ஹார்கிரீவ்ஸ் செய்த ஜென்னி. ஒரே ஆள் பல கதிர்களில் ஒரே நேரத்தில் நூற்கலாம். ஆனால் அந்த நூல் வலுவில்லாதது, ஊடைக்கு மட்டும் ஆகும். பாவுக்கு லினன் நூலைத்தான் போட்டார்கள். 1769இல் ஆர்க்ரைட் காப்புரிமை பெற்ற நீர்ச்சட்டம் என்ற நூற்புக் கருவி பாவுக்கேற்ற முறுக்கான நூலைக் கொடுத்தது. அதை வீட்டில் வைத்து ஓட்ட முடியாது, நீர்ச்சக்கரம் வேண்டும். அதனால் 1771இல் கிராம்ஃபோர்டில் ஆற்றோரம் ஆலை எழுந்தது. வீட்டிலிருந்த வேலை தொழிற்சாலைக்குப் போன காரணத்தை இந்த ஒரு கருவியை வைத்தே விளக்கிவிடலாம். 1779இல் கிராம்ப்டனின் மியூல் மெல்லிய நூலையும் வலுவாக நூற்றது. அதற்கு மஸ்லின் சக்கரம் என்றே ஒரு பெயர் இருந்தது. வங்காளத்து மஸ்லினுக்குப் போட்டி எங்கிருந்து கிளம்பியது என்று இந்திய வரலாற்று விடையில் எழுதவும் இது உதவும்.

அடுத்து வாட். பலரும் அவர்தான் நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தார் என்று எழுதுகிறார்கள். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். நியூகமனின் இயந்திரம் 1712லேயே சுரங்கத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வீச்சுக்கும் உருளையைச் சூடாக்கி மறுபடி குளிர்விக்க வேண்டியிருந்ததால் அது நிலக்கரியைத் தின்றது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அதன் மாதிரி ஒன்றைப் பழுதுபார்த்த வாட்டுக்கு 1765இல் வழி தோன்றியது: ஆவியை வேறொரு கலத்தில் குளிர்வித்தால் உருளை சூடாகவே இருக்கும். 1769இல் காப்புரிமை. இயந்திரம் வேலைக்கு வந்ததோ 1776இல். நடுவில் ஏன் ஏழு ஆண்டுகள்? பணம் ஒரு பக்கம். ஆவி கசியாத அளவுக்கு உருளையைத் துல்லியமாகக் கடைய ஆள் இல்லாதது இன்னொரு பக்கம். பீரங்கிக் குழாய் கடைவதற்காக ஜான் வில்கின்சன் 1774இல் உருவாக்கிய முறை அதைத் தீர்த்தது. முதலில் விரும்பி வாங்கியவர்களில் கார்ன்வால் சுரங்கக்காரர்கள் முக்கியமானவர்கள். அங்கே நிலக்கரி கிடையாது, கப்பலில் வர வேண்டும். மிச்சமாகும் எரிபொருளின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைத்தான் வாட்டும் அவருடைய தொழில் கூட்டாளி போல்டனும் கட்டணமாக வாங்கினார்கள். இதை எழுதினால் பொருளாதாரக் காரணமும் விடைக்குள் வந்துவிடும்.

அறிவியலைத் தனிப் பத்தியாக ஒதுக்காமல் துணியோடேயே இணைக்கலாம். நூலும் துணியும் பெருகியபோது வெளுப்பதில் சிக்கியது. புளித்த பாலில் நனைத்து வயலில் மாதக்கணக்கில் வெயிலில் விரிப்பார்கள். ஷீலே 1774இல் பிரித்தெடுத்த குளோரினை வைத்துத் துணி வெளுக்கலாம் என்று 1785இல் பெர்த்தோலே காட்டினார். 1799இல் டென்னன்ட் அதை வெளுப்புத் தூளாக்கினார். ஆய்வகம் ஆலைக்கு உதவியதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. ஆக்சிஜனுக்கு இரண்டு வரி போதும்: 1774இல் பிரீஸ்ட்லி அந்த வாயுவைப் பிரித்தார், எரிதலில் அதன் பங்கை விளக்கி வேதியியலைத் திருப்பிப்போட்டவர் லவாய்சியர். யுரேனஸ், பலூன், ஜென்னரின் அம்மைத் தடுப்பூசி மூன்றையும் சேர்த்து ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவேன்.

ஒன்றை மட்டும் விடாதீர்கள். ஆலைகளின் பருத்திப் பசிக்கு 1793இல் அமெரிக்காவில் விட்னியின் கொட்டை நீக்கும் இயந்திரம் தீனி போட்டது. அடிமைகளை வைத்து வேலை வாங்கிய பருத்தித் தோட்டங்கள் பரவின. 1790இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1860இல் ஏறத்தாழ 40 லட்சம். என் விடையின் கடைசி மூன்று வரிகள் எப்போதும் இந்த மனிதர்களுக்குத்தான். அவர்களை விட்டுவிட்டு முன்னேற்றம் என்று எழுத எனக்கு மனம் வருவதில்லை.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வாட்டின் கண்டென்சரை நான் முதலில் என் நோட்டில் மின்தேக்கி என்று எழுதி வைத்திருந்தேன். மின்தேக்கி மின்சுற்றில் வருவது, இது ஆவியைக் குளிர்விக்கும் கலம். அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லை எடுக்காமல், கருவி என்ன செய்கிறது என்று எழுதுங்கள். 20 கேள்விக்கு மூன்று மணி நேரம், 15 மதிப்பெண் விடைக்குப் பதினொரு நிமிடம்தான் கிடைக்கும். முதல் ஒரு நிமிடத்தில் நாடா, நூல், ஆலை, ஆவி, வெளுப்பு, பருத்தி என்று ஓரத்தில் அம்புக்குறி போட்டு இணைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு அம்புக்கும் இரண்டு வரி. ஏதாவது ஓர் ஆண்டு மறந்துபோனால் "1780களில்" என்று எழுதிவிட்டு அடுத்த அம்புக்குப் போங்கள்.