அலவாங்கு துள்ளும் இடம்

வவுனியாவில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஓட்டோக்காரர் கேட்டது 2500 ரூபாய். பத்துக் கிலோமீற்றர்கூட இல்லை! இரண்டு நாளுக்கும் சேர்த்து என் கையில் இருந்ததே 6000. பேரம் பேசி 1800க்கு இறக்கினேன், அதுவும் பகல்கொள்ளைதான்.

போனது சித்தப்பாவின் தோட்டத்துக்கு. புதுக் கிணறு வெட்டுகிறார்கள் என்றதும் இருப்புக் கொள்ளவில்லை. மண் அடுக்குகளைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்ததோடு சரி, இங்கே கிடங்குச் சுவர் முழுக்க அதுதான். மேலே ஒரு சாணுக்கு வேரும் சருகும் கலந்த கபில மண். அடுத்தது சிவப்பு, நல்ல செங்கல் சிவப்பு. மழைநீர் மேலிருந்து கழுவி இறக்கும் களி வந்து தங்குவது அங்கே. நிறம் இரும்பு ஒட்சைட்டின் வேலை. அதற்குள்ளே வெள்ளைப் படிகக்கல் துண்டுகள், யாரோ பரப்பிவிட்டதுபோல. வன்னியின் செங்கபில மண்ணில் இது வழக்கமாம். "இந்த இடத்திலைதான் தம்பி அலவாங்கு துள்ளும்" என்றார் வெட்டிக்கொண்டிருந்த ஐயா.

அதற்கும் கீழே உக்கிய கல். பாறையின் கறுப்பு வெள்ளை வரிகள் அப்படியே இருக்கின்றன, ஒரு துண்டை எடுத்து நசுக்கினால் விரலிடுக்கில் மாவாக உதிர்கிறது. பாறை மண்ணாகிக்கொண்டிருப்பதைக் கையில் வைத்திருந்தேன்! சித்தப்பாவுக்கு ஊற்று வராத கவலை, நான் படம் எடுக்கிறேன் என்று முறைத்தார். மத்தியானம் சித்தி வைத்த விரால் குழம்பில் அதுவும் மறந்தது. காசில்லாச் சாப்பாடு வேறு.

மறுநாள் மன்னார் பஸ். பறையனாலங்குளம் வரை ஒற்றைக் காலில் நின்றேன். முருங்கனில் இறங்கினால் வேறு உலகம்: கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரில் நெல் விளையும் கறுத்த களி. காங்கேசன்துறை சீமெந்து ஆலைக்குக் களி போனதும் இங்கிருந்துதான். ஆவணி வெயிலில் வயல் பிளந்து கிடந்தது. ஒரு வெடிப்பில் முழங்கை வரை கையை விட்டேன், அடி தட்டவில்லை. இங்கே நேற்றுப் பார்த்த மாதிரி அடுக்குத் தேடக்கூடாது. கோடையில் மேல்மண் வெடிப்புக்குள் உதிரும், மாரியில் களி ஊதி அடிமண்ணை மேலே தள்ளும். தன்னைத் தானே உழுகிற மண்!

ஆசைக்குப் போத்தல் தண்ணீரில் பாதியை ஊற்றி மிதித்துப் பார்த்தேன். திரும்பும் பஸ்ஸில் நடத்துநர், "செருப்பைத் தட்டிப்போட்டு ஏறும்" என்றார். தட்டினேன். விழவில்லை.