கை மறக்கவில்லை, ரவுண்டானாதான் குழப்புகிறது

இரண்டு மாதம் முன்னால் திருச்சி தலைமைத் தபால் நிலைய ரவுண்டானாவில் அப்பா காரோடு அப்படியே நின்றுவிட்டார். வண்டி ஆஃப் ஆகவில்லை. வலது பக்கமிருந்து ஒரு டவுன் பஸ், அதை ஒட்டி இரண்டு ஷேர் ஆட்டோ, குறுக்கே நடந்து போகும் ஒரு அம்மா, பின்னால் காதைப் பிளக்கும் ஹார்ன். அவர் கிளட்சையும் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். நான் "அப்பா, போங்க" என்ற பிறகுதான் வண்டி நகர்ந்தது. வீட்டுக்கு வந்ததும் "பஸ்காரன் வழியே விடலடா" என்றார். பஸ் நின்று வழி விட்டதை நான் பார்த்தேன்.

அவருக்கு 72 வயது, நாற்பது வருடமாக ஓட்டுகிறார். எங்கள் வீட்டுக் குறுகலான கேட்டுக்குள் ரிவர்ஸில் காரை ஒரே மூச்சில் நுழைப்பார், எனக்கு அது மூன்று தடவை முன்னே பின்னே போனால்தான் வரும். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சொன்னதையே சொல்வார், மாத்திரை போட்டேனா என்று அம்மாவிடம் கேட்பார், சரி, வயசாகிவிட்டது என்று விட்டிருந்தோம்.

ரவுண்டானாவில் நின்றதற்கு அப்புறம்தான் நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். ஞாபகத்தையும் யோசிக்கும் திறனையும் பார்க்கும் மோக்கா என்ற டெஸ்ட் வைத்தார். 30 மார்க், வழக்கமாக 26க்குக் கீழே போனால் கவனிப்பார்கள். அப்பா எடுத்தது 22. அதில் ஒரு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னார்கள். வட்டம் அழகு, எண்களும் சரியான இடத்தில். சின்ன முள்ளை 11க்கு வைத்தார், பெரிய முள்ளை நேரே 10க்கு. பத்து நிமிடம் என்றால் முள் 2இல் நிற்க வேண்டும் என்று மாற்றி யோசிக்க வேண்டிய இடத்தில், காதில் விழுந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுவிட்டார்.

டாக்டர் சொன்ன பெயர் மைல்ட் காக்னிட்டிவ் இம்பேர்மென்ட், சுருக்கமாக எம்.சி.ஐ., அதாவது ஞாபகத்திலும் யோசிப்பதிலும் லேசான குறைவு. டிமென்ஷியா என்கிற மறதி நோய் இல்லை, அன்றாட வேலைகளை அவரே பார்த்துக்கொள்கிறார். இப்படி டாக்டரிடம் வருகிறவர்களில் வருடத்துக்கு நூற்றில் பத்துப் பதினைந்து பேர் டிமென்ஷியா பக்கம் போகிறார்கள், சிலர் அப்படியே இருக்கிறார்கள், சிலர் பழைய நிலைக்கே திரும்புவதும் உண்டு. பி12, தைராய்டு, தூக்கம், மன அழுத்தம் எல்லாவற்றையும் முதலில் பார்க்க வேண்டுமாம். அரிப்புக்கென்று அப்பா வருடக்கணக்காக ராத்திரி போட்டுவந்த மாத்திரையை டாக்டர் அன்றைக்கே நிறுத்தினார், அந்த வகை மாத்திரைகள் மூளையை மந்தமாக்குமாம்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான், இவ்வளவு நன்றாக ஓட்டுகிறவர் எப்படி ரவுண்டானாவில் திணறுகிறார்? கிளட்ச், கியர், ஸ்டீயரிங் எல்லாம் மூளையின் ஆழத்திலும் சிறுமூளையிலும் பழக்கமாக உறைந்து போனவை, அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆனால் பஸ், ஆட்டோ, நடக்கிற ஆள் மூன்றையும் ஒரே நொடியில் எடைபோட்டு 'இப்போ போகலாம்' என்று முடிவெடுப்பது மூளையின் முன்பகுதியின் வேலை, எது எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று கணக்குப் போடுவது உச்சி மூளையின் வேலை. எம்.சி.ஐ.யில் ஞாபகத்தோடு இவையும் தேயலாம். நாமோ ரிவர்ஸ் எடுப்பதைப் பார்த்து சர்ட்டிஃபிகேட் கொடுக்கிறோம்.

அரசாங்கமும் அப்படித்தான். 55 தாண்டினால் லைசென்ஸை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், டாக்டர் படிவத்தில் கண், காது, கை கால், சிவப்பு பச்சை தெரிகிறதா என்று இருக்கிறது. யோசிக்கும் வேகத்துக்கென்று ஒரு கட்டம் கிடையாது.

சாவியைப் பிடுங்கச் சொல்லவில்லை டாக்டர். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள் என்றார். நான்கு நாள் பார்த்தேன். நேர் ரோட்டில் குறையே இல்லை. நான் பேச்சுக் கொடுத்தபோது மட்டும் ஒரு வேகத்தடையை அப்படியே ஏறி இறங்கினார், தலை கூரையில் இடித்தது. வலது பக்கம் திரும்பும் இடமெல்லாம் தயக்கம், அல்லது திடீரென்று ஒரு பாய்ச்சல். எனக்குப் பயமாக இருந்தது அந்தப் பாய்ச்சல்தான்.

அப்புறம் ஒரு சண்டை. "எனக்குக் கண்ணு தெரியலையா? காலு வரலையா?" நான் அந்தக் கடிகாரத் தாளைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "முள்ளு தப்பா இருக்கே, யார்டா போட்டது?" என்றார். நீங்கதான்ப்பா என்றேன். ஒன்றும் பேசவில்லை.

இப்போதைக்கு ஏற்பாடு இது. பகலில், ரேடியோ இல்லாமல், தென்னூர் உழவர் சந்தை வரைக்கும் அவர். ராத்திரி, மழை, பைபாஸ், ரவுண்டானா எல்லாம் நான். ஆறு மாதம் கழித்து மறுபடி டெஸ்ட். போன வாரம் தஞ்சாவூர் போனோம், பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு வழி முழுக்க "தேர்டு போடுடா" என்று சொல்லிக்கொண்டே வந்தார், எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு தடவைகூட அவர் சொன்னது தப்பாக இல்லை.